பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னால் ஒரு கடிதம்: கொரோனாவுக்குப் பின் சாலையோர வியாபாரிகளுக்கு நகராட்சிகள் செய்ததும் விட்டதும்

2020 மார்ச் 24 அன்றோ அதற்கு முன்போ நீங்கள் தெருவில் கடை போட்டிருந்தீர்கள் என்பதற்கு யார் சாட்சி? தெருவோர வியாபாரிகளுக்கு மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். ஸ்வநிதி கடன் திட்டத்தில் நடந்தவை, நடக்காமல் போனவை எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும். பணம் வங்கியுடையது, வட்டி மானியம் மத்திய அரசுடையது. நகராட்சி தன் பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. ஆனாலும் கடன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதைப் பெருமளவு தீர்மானித்தது நகராட்சி வைத்திருந்த, அல்லது வைத்திராத, ஒரு பதிவேடுதான்.

மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியது. அதற்கு முந்தைய நாள்தான் திட்டத்தின் தகுதிக் கோடு. ஜூன் 1 அன்று மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் திட்டத்தை அறிவித்தது. 50 லட்சம் வியாபாரிகள் இலக்கு. ஆளுக்கு 10,000 ரூபாய் வரை நடைமுறை மூலதனக் கடன், அடமானம் கிடையாது, ஒரு வருடத்தில் தவணையாகக் கட்ட வேண்டும். சிறுதொழில் வளர்ச்சிக்கான சிட்பி வங்கி நடத்திக் கொடுக்கும் பொறுப்பில் இருந்தது.

முதல் எப்படிக் கரைந்தது

தள்ளுவண்டிக்காரரின் முதல் வங்கியில் இருப்பதில்லை. இடுப்புச் சுருக்குப் பையிலோ சட்டைப் பையிலோ தினமும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு மாதிரிக் கணக்கு: காய்கறி வண்டி, விடியற்காலைக் கொள்முதல் 3,000 ரூபாய், ஏற்றுகூலியும் ஆட்டோவும் 300, மாலைக்குள் வசூல் 3,900. கையில் மிஞ்சுவது 600. மறுநாள் கொள்முதலுக்கு அதே 3,000 திரும்பப் போக வேண்டும். பத்து நாள் வியாபாரம் நின்றால் அந்த 3,000 அரிசிக்கும் வாடகைக்கும் போய்விடும். அன்றோடு வண்டி இருக்கும், தராசு இருக்கும், வாடிக்கையாளர்கூட இருப்பார், சரக்குதான் இருக்காது. கடைக்காரருக்கு நட்டம் என்றால் இருப்புக் குறையும். தெரு வியாபாரிக்கு நட்டம் என்றால் தொழிலே நின்றுவிடும்.

சென்னையில் இன்னொரு அடியும் விழுந்தது. 2020 மே 5 அன்று கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. காய்கறி மொத்த விற்பனை பூந்தமல்லிக்கு அப்பால் திருமழிசைக்கும், பழ விற்பனை மாதவரத்துக்கும் மாறின. காய்கறி மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்குத் திரும்பியது செப்டம்பர் 28 அன்றுதான். வடபழனியிலோ அண்ணா நகரிலோ வண்டி தள்ளுபவருக்கு அந்த நாலரை மாதமும் ஏற்றுகூலி கூடியது. அதே பணத்துக்குச் சரக்கு குறைந்தது.

இந்த இடத்தில் வழக்கமாகக் கைகொடுப்பவர் தண்டல்காரர். 10,000 ரூபாய் என்று எழுதி 8,500 கையில் தருவார். தினமும் 100 ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். பார்க்க 1,500 ரூபாய்தான். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே போவதால், ஆண்டு வட்டிக் கணக்கில் இது நூறு சதவீதத்தைத் தாண்டும். இதைத் திட்டுவது எளிது. தண்டல்காரர் ஆதார் கேட்பதில்லை, ஓடிபி கேட்பதில்லை, விடியற்காலை நாலு மணிக்குச் சந்தை வாசலில் நிற்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரசுக் கடன் போட்டி போட வேண்டியிருந்தது இந்த வசதியோடுதான்.

நான்கு வகை வியாபாரிகள்

திட்டம் வியாபாரிகளை நான்காகப் பிரித்தது. நகராட்சி கொடுத்த விற்பனைச் சான்றிதழோ அடையாள அட்டையோ கையில் இருப்பவர் முதல் வகை. தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் உண்டு, சான்றிதழ் வரவில்லை என்பவர் இரண்டாம் வகை. இவருக்கு இணையம் வழியே தற்காலிகச் சான்று வரும். கணக்கெடுப்பில் விடுபட்டவர், அதற்குப் பிறகு கடை போட்டவர் மூன்றாம் வகை. சுற்றுவட்டாரக் கிராமத்திலிருந்து ஊருக்குள் வந்து விற்றுப் போகிறவர் நான்காம் வகை. கடைசி இரு வகையினரும் நகராட்சியிடமோ நகர விற்பனைக் குழுவிடமோ பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும்.

இந்தப் பிரிவினையே ஒரு ஒப்புதல் வாக்குமூலம். தெருவோர வியாபாரிகள் சட்டம் 2014 மே 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்க வேண்டும், கணக்கில் வந்த எல்லோருக்கும், அந்தப் பகுதி மக்கள்தொகையில் இரண்டரை சதவீத வரம்புக்குள், இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அது. ஆணையர் தலைமையில் நகர விற்பனைக் குழு, அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒருவர் பெண். இவையெல்லாம் ஆறு ஆண்டில் ஒழுங்காக நடந்திருந்தால் மூன்றாம், நான்காம் வகைகளுக்குத் தேவையே வந்திராது. திட்டத்தை வகுத்தவர்களுக்கு நிலைமை தெரியும். அதனால்தான் பின்வாசல் ஒன்றையும் சேர்த்தே வைத்தார்கள்.

அந்தப் பின்வாசலும் தாமதமாகத்தான் திறந்தது. கடன் விண்ணப்பத் தளம் 2020 ஜூலை 2 அன்று இயங்கத் தொடங்கியது. பரிந்துரைக் கடிதத்துக்கான வசதி ஆகஸ்ட் 7 அன்றுதான் தளத்தில் சேர்ந்தது. ஐந்து வாரத்துக்கு மேல், சான்றிதழ் உள்ளவர் முன்னால் போனார். இல்லாதவர், பெரும்பாலும் அவரைவிட வறியவர், காத்திருந்தார்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய ஒரு சங்கடமும் இருந்தது. இங்கே நகர்ப்புற உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேல் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் தனி அலுவலர்கள் கையில். “இந்தம்மா பத்து வருசமா இங்கதான் பூக்கட்டுது” என்று கையெழுத்துப் போட வார்டு கவுன்சிலர் ஒருவர் இல்லை. கவுன்சிலர் இருந்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் வரும் என்பதும் உண்மைதான். ஆனால் தெருவை அறிந்த ஒரு ஆளாவது கட்டடத்துக்குள் இருந்திருப்பார்.

வெள்ளைத்தாள் மனு

பரிந்துரைக் கடிதத்துக்கு விதி கேட்டது அதிகமில்லை. ஊரடங்கில் மாநில அரசு கொடுத்த ஒருமுறை உதவித்தொகை வாங்கியதற்கான சான்று, வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை, தொழில் நடப்பதைக் காட்டும் வேறு ஏதாவது ஆவணம் ஆகியவற்றில் ஒன்று போதும். எதுவுமே இல்லையென்றால் வெள்ளைத்தாளில் ஒரு மனு. நகராட்சி நேரில் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். விண்ணப்பித்த 15 நாளுக்குள் கடிதம், கடிதம் தந்த 30 நாளுக்குள் நிரந்தர விற்பனைச் சான்றிதழ். ஏட்டில் இதைவிட இணக்கமான விதி எழுத முடியாது.

நடைமுறையில் முட்டிக்கொண்ட இடங்கள் வேறு. முதலாவது, சுங்கச் சீட்டு. தரைக்கடைக்குத் தினமும் காசு வாங்கும் ஊர்களில் வியாபாரியிடம் கட்டுக் கட்டாகச் சீட்டு இருக்கும். இதைவிட நல்ல சாட்சி ஏது என்று தோன்றும். ஆனால் அந்தச் சீட்டில் தேதியும் தொகையும் இருக்கும், பெயர் இருக்காது. வசூல் உரிமை குத்தகைக்குப் போன ஊரில், குத்தகைதாரரிடம் கடை வாரியான பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வருடக்கணக்கில் நகராட்சிக்குக் காசு கட்டியவரால் கட்டியவர் தாம்தான் என்று காட்ட முடியாமல் போவது இப்படித்தான். சீட்டில் ஒரு கடை எண்ணை அச்சடித்து, அந்த எண்ணுக்கு நேரே பெயரையும் கைபேசி எண்ணையும் நோட்டில் எழுதி வைத்தாலே போதும். இதற்குச் செலவு என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இன்றைக்கும் எந்த நகராட்சியும் உடனே செய்யக்கூடிய வேலை இது.

இரண்டாவது, விசாரணைக்குப் போகும் நேரம். அலுவலக நேரத்தில், பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பார்த்தால் இட்லி வண்டி காலை வியாபாரத்தை முடித்துக்கொண்டு போயிருக்கும். பஜ்ஜிக் கடை வந்திருக்காது. வாரச்சந்தைக்காரர் வேறு ஊரில் இருப்பார். “குறிப்பிட்ட இடத்தில் கடை இல்லை” என்று குறிப்பு எழுதப்படும். குறிப்பு பொய்யில்லை, ஆனால் தவறு. விடியற்காலை, உச்சிப்பொழுது, இரவு எட்டு மணி என மூன்று வேளையும், சந்தை நாளில் தனியாகவும் போக வேண்டும். யாரைக் கேட்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பக்கத்துக் கடைக்காரர் சில சமயம் போட்டியாளர். ஐந்து மணிக்கே அந்தத் தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளருக்கு யார் எங்கே குப்பை போடுகிறார், எத்தனை வருடமாகப் போடுகிறார் என்பது வரை தெரியும். நகராட்சியின் சம்பளப் பட்டியலிலேயே இருக்கும் சாட்சி அவர். விசாரணைப் படிவத்தில் அவருக்கு ஒரு வரி ஒதுக்கினால் பாதி மனுக்கள் அங்கேயே தீரும்.

மூன்றாவது, ஆள் பலம். 2020-ல் தமிழ்நாட்டில் 15 மாநகராட்சிகள், 121 நகராட்சிகள், 528 பேரூராட்சிகள். மாநகராட்சியில் நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சமுதாய அமைப்பாளர்கள் உண்டு. சின்னப் பேரூராட்சியில் செயல் அலுவலரும் ஒரு சில எழுத்தர்களும்தான். அதே ஆட்கள்தான் அந்த மாதங்களில் கிருமிநாசினி தெளிப்பதையும் தனிமைப்படுத்திய வீடுகளையும் பார்த்தார்கள். கணினியில் காத்திருக்கும் மனுக்களைத் திறக்க நேரமில்லாததை அசட்டை என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

நான்காம் வகையினரின் கதை தனி. முதல் பேருந்தில் கீரைக்கட்டோடு வந்து, பத்து மணிக்குள் விற்றுத் திரும்பும் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதம் தர வேண்டியது விற்கும் ஊர். ஆதார் முகவரி கிராமத்தில். சேமிப்புக் கணக்கும் கிராமத்துக் கிளையில். ஊர்க் கிளை “உங்கள் முகவரி எங்கள் எல்லையில் இல்லை” என்கிறது; கிராமக் கிளை “நீங்கள் இங்கே வியாபாரம் செய்யவில்லையே” என்கிறது. விதிப்படி இரண்டுமே காரணமாகாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதை யார் எடுத்துச் சொல்வது?

வங்கிப் படி

தொடக்கத்தில் விண்ணப்பங்கள் சந்தை முறையில் போயின. தளத்தில் விண்ணப்பம் கிடக்கும். எந்த வங்கி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் பொதுவான மாட்டுக்கு யாரும் தண்ணீர் காட்டுவதில்லை என்பதுபோல், எந்தக் கிளைக்கும் பொறுப்பில்லாமல் விண்ணப்பங்கள் தேங்கின. 2020 அக்டோபரில் அமைச்சகம் முறையை மாற்றியது: வியாபாரி விரும்பிக் குறிப்பிட்ட கிளைக்கோ, அவருக்குச் சேமிப்புக் கணக்கு இருக்கும் கிளைக்கோ விண்ணப்பம் நேராகப் போகும். சின்ன மாற்றம்தான். ஆனால் அன்றிலிருந்து “உன் கிளையில் எத்தனை நிலுவை?” என்று கேட்க ஒரு முகவரி கிடைத்தது.

வங்கிகள் ஏன் தயங்கின? உத்தரவாதம் இருந்ததே என்று கேட்கலாம். சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத அறக்கட்டளை தந்த காப்பு படிநிலைக் காப்பு. ஒரு வங்கி அந்த ஆண்டு ஒரு கோடி ரூபாய் கொடுத்திருக்கிறது என்று வையுங்கள். முதல் 5 சதவீத இழப்பு, அதாவது 5 லட்சம் வரை, முழுதும் திரும்பக் கிடைக்கும். 5-க்கு மேல் 15 சதவீதம் வரையிலான அடுத்த 10 லட்சத்தில் முக்கால் பங்கு, 7.5 லட்சம். அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆக அதிகபட்சம் 12.5 லட்சம். வாராக்கடன் இருபது, முப்பது சதவீதம் போகுமோ என்று அஞ்சும் மேலாளருக்கு இந்தக் காப்பு ஆறுதலாகத் தெரியாது. தவிர, 10,000 ரூபாய்க் கடனுக்கும் பத்து லட்ச ரூபாய்க் கடனுக்கும் கிளையில் ஆகும் எழுத்து வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

அனுமதிக்கும் பட்டுவாடாவுக்கும் இடையில் ஒரு பள்ளம் இருந்தது. 2022 ஏப்ரல் 25 நிலவரப்படி 31.9 லட்சம் கடன்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன. கைக்குப் போனவை 29.6 லட்சம். நடுவில் நின்றவை 2.3 லட்சம். காரணங்கள் எல்லாம் சில்லறைக் காரணங்கள்: ஆதாரில் இருக்கும் கைபேசி எண் எப்போதோ தொலைந்துபோன எண், ஓடிபி அங்கே போகிறது, ஆதாரில் ஒரு முதலெழுத்து, பாஸ்புக்கில் இன்னொன்று, மானியத்துக்காகத் திறந்த பூஜ்ய இருப்புக் கணக்கு பயன்பாடில்லாமல் முடங்கிக் கிடக்கிறது, நுண்கடன் நிறுவனத்தில் பழைய பாக்கி சிபில் கடன் பதிவில் தெரிகிறது, முத்திரைத்தாள் செலவு. இந்தக் கடைசிச் சிக்கலை உத்தரப் பிரதேசம் முத்திரைத் தீர்வையிலிருந்து இந்தக் கடன்களுக்கு விலக்குக் கொடுத்தே தீர்த்தது. சின்னத் தொகைக் கடனில் நூறு, இருநூறு ரூபாய்கூட ஆளைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதை அங்கே யாரோ புரிந்துவைத்திருந்தார்கள்.

முகாம் நடத்தும் நகராட்சி செய்யும் பெரிய தவறு, எல்லா மேசையையும் ஒரே நாளில் போடுவது. ஆதாரில் எண்ணை மாற்றிய உடனே அது பதிவாகிவிடாது. சில நாள் ஆகும். அதனால் எண்ணைச் சரிபார்க்கும் வேலை முகாமுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே தெருவில் முடிந்திருக்க வேண்டும். 2021 ஜூலையிலிருந்து தபால்காரர் மூலமாகவே ஆதாரில் கைபேசி எண்ணை மாற்றும் வசதி வந்தது. சந்தைக்கே அவரை வரவழைத்தால் வேலை முடிந்தது. முகாம் அன்று வேண்டியவை மூன்றே: பரிந்துரைக் கடிதத்தில் ஒப்புதல் போட அதிகாரமுள்ள ஒருவர், முடங்கிய கணக்கை உயிர்ப்பிக்க அதிகாரமுள்ள வங்கி ஆள், விண்ணப்பத்தைப் பதிவேற்ற ஒரு கணினி. வெறுமனே படிவம் வாங்கிக்கொண்டு “தகவல் வரும்” என்று அனுப்புவது முகாம் ஆகாது. அதற்குத் தபால்பெட்டி போதும்.

வட்டிக் கணக்கும் டீக்கடைக் கணக்கும்

12 சதவீத வட்டியில் 10,000 ரூபாய்க்கு மாதத் தவணை சுமார் 888. ஆண்டு வட்டி 662. இதில் 7 சதவீதப் புள்ளி மானியமாகத் திரும்பும்: ஏறக்குறைய 386 ரூபாய். நிதி நிறுவனத்தில் 24 சதவீதத்துக்கு வாங்கினால் தவணை 946, வட்டி 1,347, மானியம் 393. அதாவது யாரிடம் வாங்கினாலும் மானியம் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம் முழுக்க வியாபாரியின் தலையில். வங்கிக் கிளை அலைக்கழித்ததால் நிதி நிறுவனத்துக்குப் போனவருக்கு அந்த அலைச்சலின் விலை வருடத்துக்குச் சுமார் 678 ரூபாய்.

மானியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படும். அந்தத் தேதியில் கடன் வாராக்கடனாகாமல் இருக்க வேண்டும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது, மானியமும் மொத்தமாக வந்துவிடும். ஆனால் வியாபாரிக்குப் பழக்கம் தினத்தவணை. மாதம் ஒருநாள் 900 ரூபாயை மொத்தமாக எடுத்துவைப்பது வேறொரு ஒழுக்கம். தினம் 40 ரூபாய் ஒதுக்கினால் 25 நாளில் ஆயிரம். தண்டலின் நூறோடு ஒப்பிட்டால் பாதிகூட இல்லை. இதை வங்கிகள் தினவசூலாக வாங்க ஏற்பாடு செய்திருந்தால் பல கணக்குகள் தப்பித்திருக்கும்.

மின்னணுப் பரிவர்த்தனைக்குப் பணம் திரும்பக் கிடைக்கும் என்றது திட்டம். தொடக்க விதிகளின்படி மாதம் 50 பரிவர்த்தனைக்கு 50 ரூபாய், 100 ஆனால் 75, 200 ஆனால் 100. ஆண்டுக்கு அதிகபட்சம் 1,200. வாங்குபவர் ஒழுங்காகத் தவணை கட்டி இதையும் முழுதாக எடுத்தால் வட்டி போக மேலேயே மிஞ்சும். ஆனால் ஒரு பரிவர்த்தனை குறைந்தது 25 ரூபாய் இருக்க வேண்டும் என்றது விதி. பத்து ரூபாய் டீ இரண்டு என்றால் 20. டீயோடு ஒரு வடை என்றாலும் 20. கீரைக்கட்டு, ஒரு முழம் பூ, சுண்டல் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே. நாள் முழுக்க க்யூஆர் அட்டை ‘பெற்றுக்கொண்டோம்’ என்று கத்தினாலும் கணக்கில் ஒன்றும் ஏறாது. தெருவில் மிகச் சின்னத் தொகைக்கு விற்பவர்தான் திட்டத்தின் முதல் இலக்கு என்பதை நினைத்தால், அந்த 25 ரூபாயை நிர்ணயித்தவர் எந்த டீக்கடையில் நின்று பார்த்தார் என்று கேட்கத் தோன்றுகிறது. இன்னொரு கோளாறு: அட்டை மகன் பெயரில், கடன் அம்மா பெயரில். அப்போதும் கணக்கில் வராது.

விளைவை எண்ணிலேயே பார்க்கலாம். 2022 ஏப்ரல் 25 வரை கொடுத்த கடன் 2,931 கோடி. திரும்பக் கொடுத்த மின்னணு ஊக்கத்தொகை 10 கோடி. வட்டி மானியம் 51 கோடி. 29.6 லட்சம் கடன்களுக்குப் பகிர்ந்தால் கடனுக்கு 34 ரூபாய் ஊக்கத்தொகை, 172 ரூபாய் மானியம். மானியம் பின்னால்தான் வரும் என்று தள்ளுபடி கொடுத்தாலும், 1,200 எங்கே, 34 எங்கே.

தவணை நாளில் வந்த இரண்டாம் அலை

கடன் வாங்கி நாலைந்து தவணை கட்டியவர்களுக்கு 2021 மே மாதம் இடியாக வந்தது. தமிழ்நாட்டில் மே 10 முதல் ஊரடங்கு. மே 24 முதல் தளர்வே இல்லாத முழு ஊரடங்கு, மளிகைக் கடையும் காய்கறிக் கடையும்கூடத் திறக்கவில்லை. காய்கறியும் பழமும் தோட்டக்கலைத் துறையும் உள்ளாட்சிகளும் ஏற்பாடு செய்த வண்டிகளில் தெருத் தெருவாக வந்தன. அந்த வண்டிகளில் யாரை ஏற்றுவது என்பது நகராட்சி கையில் இருந்த முடிவு. ஸ்வநிதிக் கடன் வாங்கியவர் பட்டியல் அதே அலுவலகக் கணினியில் இருந்தது. அந்தப் பட்டியலைத் திறந்து அதிலுள்ள காய்கறி வியாபாரிகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருந்தால், ஊருக்குக் காய்கறியும் வங்கிக்குத் தவணையும் ஒரே வண்டியில் போயிருக்கும். ஒரு துறையின் பட்டியலை இன்னொரு துறை எட்டிப் பார்க்காதது நம் அலுவலகங்களின் பழைய வியாதி.

மே 5 அன்றே ரிசர்வ் வங்கி தனிநபர்களுக்கும் சிறுதொழிலுக்கும் கடனை மறுசீரமைக்க வழி திறந்தது. எந்த வியாபாரிக்கு அது தெரியும்? கேட்டால் கிடைக்கும் சலுகை, கேட்கத் தெரிந்தவருக்கே கிடைக்கும். 90 நாள் தவணை தவறியவர் வாராக்கடன் பட்டியலுக்குப் போனார். அதோடு மானியமும் போயிற்று, இரண்டாம் கடனும் போயிற்று.

இடம் இல்லாத கடன்

முதல் கடனை அடைத்தவருக்கு 20,000 வரை, 18 மாதத்தில் கட்ட. அதையும் அடைத்தால் 50,000 வரை, 36 மாதத்தில். படிக்கட்டு நன்றாகத்தான் கட்டப்பட்டது. ஆனால் 36 மாதத் தவணைக்கு ஒப்புக்கொள்பவர், 36 மாதமும் அதே இடத்தில் கடை இருக்கும் என்று நம்ப வேண்டுமே.

இந்த இடத்தில் நகராட்சிகள் சறுக்கியதைத்தான் மன்னிக்கக் கடினமாக இருக்கிறது. கடன் பரிந்துரைக் கடிதம் கொடுத்த அதே அலுவலகத்தின் இன்னொரு மேசை ஆக்கிரமிப்பு அகற்ற வண்டி அனுப்பும். கடிதத்துக்குப் பின் 30 நாளில் வர வேண்டிய விற்பனைச் சான்றிதழ் வராதபோது, கடிதம் வங்கி மேசையில் செல்லும், காவலரிடம் செல்லாது. வெளியேற்ற வருபவரிடம் எடுத்துக்காட்ட வியாபாரிக்குச் சட்டத்தில் மூன்று பிடிகள் உண்டு. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும் வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்கிறது பதினெட்டாம் பிரிவு. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதித் தர வேண்டும், கட்டணம் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே, மற்றதை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது பத்தொன்பதாம் பிரிவு. ஒரு வண்டித் தக்காளி இரண்டாம் நாள் திரும்பி வந்தால் அது சரக்கில்லை, குப்பை. கடனில் வாங்கிய சரக்கு என்றால் குப்பைக்கும் தவணை உண்டு.

2021 ஜனவரி 4 அன்று 125 நகரங்களில் தொடங்கிய துணைத் திட்டம், கடன் பெற்றவர் குடும்பத்தின் விவரம் எடுத்து, காப்பீடு, ஓய்வூதியம், ஒரே ரேஷன் அட்டை, மகப்பேறு உதவி என எட்டு மத்தியத் திட்டங்களில் சேர்க்க முயன்றது. யோசனை நல்லது, பட்டியலை ஒருமுறை எடுத்துப் பலமுறை பயன்படுத்துவது. சென்னை உட்பட ஐந்து நகரங்களில் 250 தெருவோர உணவுக்காரர்களை ஸ்விக்கியில் சேர்க்கும் முயற்சி 2020 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. 50 லட்சம் இலக்குக்கு முன்னால் 250 என்பதைச் செய்தித்தாளுக்கான எண்ணிக்கையாகத்தான் எடுத்துக்கொள்ள முடிகிறது.

2025-ல் வந்த மாற்றங்கள்

கடன் கொடுக்கும் காலம் 2024 டிசம்பர் 31 அன்று முடிந்தது. எட்டு மாத இடைவெளிக்குப் பின் 2025 ஆகஸ்ட் 27 அன்று மத்திய அமைச்சரவை 7,332 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்தது. முதல் கடன் 15,000, இரண்டாம் கடன் 25,000, மூன்றாவது பழையபடி 50,000. இரண்டாம் கடனை அடைத்தவருக்கு யுபிஐ இணைத்த ரூபே கடன் அட்டை. மின்னணு ஊக்கத்தொகை 1,600 வரை; இப்போது மொத்தக் கொள்முதலுக்குக் கட்டும் பணமும் அதில் சேரும். சந்தையில் மொத்த வியாபாரிக்குக் காலையில் கட்டும் மூவாயிரம் கணக்கில் ஏறுவதால், கீரைக்காரருக்கும் பூக்காரருக்கும் ஓரளவு வழி பிறந்திருக்கிறது.

அதுவரையிலான கணக்கு: 2025 ஜூலை 30 வரை 68 லட்சம் பேருக்கு 96 லட்சம் கடன்கள், 13,797 கோடி ரூபாய். 96-லிருந்து 68-ஐக் கழித்தால் இரண்டாம், மூன்றாம் கடன்கள் 28 லட்சம். மூன்றாம் கடன் ஒன்றுகூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும் முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறியவர் நூற்றுக்கு 41 பேர்தான். மீதிப் பேரில் தண்டலுக்குத் திரும்பியவர், கடனே வேண்டாம் என்று விட்டவர், முதல் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர், இடம் போய்த் தொழிலே விட்டவர் எல்லோரும் கலந்திருப்பார்கள். நகர விற்பனைக் குழு கூடும் ஊரில் அதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதுவும் தேவையில்லை. முதல் கடனோடு நின்றவர்களின் பட்டியலை வார்டு வாரியாக அச்செடுத்து, வியாபாரிப் பிரதிநிதிகள் முன்னால் ஒவ்வொரு பெயராக வாசித்தால் ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

புதிய விதியில் இன்னொரு விரிவும் இருக்கிறது. சட்டப்படி நகரங்களான ஊர்களோடு நிற்காமல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நகரம் என்று குறிக்கும் ஊர்களுக்கும் நகரையொட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாகத் திட்டம் போகும். நிர்வாகத்தில் இந்த ஊர்கள் கிராம ஊராட்சிகள். அங்கே நகர விற்பனைக் குழு கிடையாது, தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு நடந்ததே இல்லை, ஊராட்சிச் செயலர் ஒருவர்தான் எல்லாவற்றுக்கும். புறவழிச்சாலை ஓரத்தில் இளநீரும் கரும்புச்சாறும் விற்பவருக்கு அங்கே கடிதம் எழுத வேண்டியவர் அவராகத்தான் இருப்பார். அவர் கையில் இப்போது இருக்கும் பதிவேடுகள் வீட்டுவரிக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் உரியவை. வியாபாரிகளுக்கென்று இன்னும் ஒரு பக்கம்கூடத் திறக்கப்படவில்லை.